சென்னையில் 5 மணி நேரம் கையில் இருக்கா? முதல்ல கழித்தல் கணக்கு போடுங்க!

காலை 10 மணிக்கு திருச்சி பஸ்ஸை விட்டு இறங்கி, பிற்பகல் 3 மணிக்கு சென்ட்ரலில் ரயில் பிடிக்கணுமா? 'இடையில மெரினா, தி.நகர் எல்லாம் பார்த்துடலாம்' என்ற பழைய கணக்கு இப்போது சரிவராது.

ஊர் அங்கேயேதான் இருக்கிறது. நீங்கள் இறங்கும் இடம்தான் மாறிவிட்டது. கோயம்பேட்டில் இறங்கினால் வாசலிலேயே மெட்ரோ. 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையமோ நகரின் மையத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிறது. மெட்ரோ இன்னும் அங்கே போகவில்லை. ஆக, சாலைக்கே 2 மணி நேரம் போய்விடும். ரயிலுக்கு முன்பு 1 மணி நேரம் ஒதுக்கினால், மிச்சம் இரண்டே மணி நேரம்.

அதற்கு ஒரே ஓர் இடம் போதும். பெட்டியைப் பூட்டி சென்ட்ரல் க்ளோக் ரூமில் வைத்துவிட்டு, மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனான எழும்பூருக்குப் போங்க. 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தில் சோழர் கால வெண்கலச் சிலைகளை நிதானமாகப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துடாதீங்க.

ரயில் விட்டு ரயில் மாறுகிறவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2019 ஏப்ரல் முதல் இரண்டு டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்களையும் இணைத்துக்கொள்ளலாம். முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். பஸ் தாமதமானால் அந்த வசதி கிடையாது. டிக்கெட் காசு போனது போனதுதான். அதனால பஸ்ஸில் வருகிறவர்கள் ஊர் சுற்றுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கோங்க!