வீட்டுப் பட்டியலின் சாவி யார் கையில்?

அமெரிக்கத் தரகர்களும் கம்ப்யூட்டரும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. "வீட்டைத் தேடிப் பார்" என்பதையும் அதோடு சேர்த்துக் கொள்ளலாம்.

எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வந்திருக்கிறது? விலை என்ன? எத்தனை அறை? எப்போது கட்டியது? இந்த நான்கும் தெரியாமல் வீடு வாங்கினால், கண்ணைக் கட்டிக் கொண்டு கிணற்றில் குதித்த கதைதான்.

அமெரிக்காவில் இந்த விவரங்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலில் இருக்கின்றன. கம்ப்யூட்டரைத் தட்டினால், கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரம் வீடுகளின் விவரம் வந்து விழும்.

ஆனால் எல்லோருக்கும் விழாது. சாவி வைத்திருப்பவருக்கு மட்டுமே விழும்!

அந்தச் சாவி யார் கையில் இருக்க வேண்டும்? இதுதான் கேள்வி.

கூட்டுப் பட்டியல்

அமெரிக்காவில் வீடு விற்க நினைப்பவர் பெரும்பாலும் ஒரு தரகரிடம் போவார். வாங்க நினைப்பவர் இன்னொரு தரகரிடம் போவார். இரண்டு தரகர்களும் ஒருவரை ஒருவர் அறியாவிட்டால் வியாபாரம் நடக்காது.

இதற்கு 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஒரு வழி கண்டார்கள். தரகர்கள் ஓர் இடத்தில் கூடினார்கள். "என் கையில் இந்த வீடு இருக்கிறது. நீ ஆள் கொண்டு வா. கமிஷனைப் பங்கு போட்டுக் கொள்வோம்" என்று பேசிக் கொண்டார்கள். 1908-ல் சிகாகோ நகரில் அவர்களுடைய தேசிய சங்கம் தோன்றியது.

பிறகு பட்டியல் அச்சுப் புத்தகமாக வந்தது. அது தரகர்களுக்கு மட்டுமே உரியது. வீடு தேடி வருகிறவர் கையில் அதைக் கொடுப்பதில்லை.

இன்று அந்தப் புத்தகம் போய்விட்டது. பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. இதற்கு 'எம்.எல்.எஸ்.' என்று பெயர். நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் அல்ல. வட்டாரத்துக்கு வட்டாரம் தனித்தனி. இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ஒரு பொருளுக்குப் பல பெயர்

இங்கேதான் சிக்கல் வந்தது.

ஒரு பட்டியலில் படுக்கை அறைக்கு ஒரு பெயர். பக்கத்து ஊர்ப் பட்டியலில் வேறு பெயர். ஒன்றில் விலை முதலில் வரும். இன்னொன்றில் முகவரி முதலில் வரும். பத்து ஊர் வீடுகளைக் காட்ட நினைத்த இணையதளம் பத்து விதமாக வேலை செய்ய வேண்டியிருந்தது.

1999-ல் இதற்கு ஒரு பொது முறை வந்தது. அதன் பெயர் 'ரெட்ஸ்'. எல்லாப் பட்டியல்களும் ஒரே விதமாகக் கேள்வி கேட்கவும், ஒரே விதமாகப் பதில் சொல்லவும் செய்த ஏற்பாடு அது.

லைப்ரரி என்றால் என்ன?

பொது முறை வந்தாலும், அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க நூற்றுக்கணக்கான வரிகள் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் அதை முதலிலிருந்து எழுதுவது வீண் வேலை அல்லவா?

அதனால் ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள். இப்படித் தயாராக வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கட்டளைத் தொகுப்புக்கு 'லைப்ரரி' என்று பெயர். இது புத்தகம் இருக்கும் நூல்நிலையம் அல்ல. இல்லத்தரசிகளுக்கு எளிதாகச் சொல்வதானால், கடையில் விற்கும் குழம்புப் பொடி மாதிரி. மிளகாய், மல்லி வறுத்து இடிக்க வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் போட்டால் குழம்பு தயார்!

'பி.எச்.பி.' என்பது இணையதளங்கள் எழுதும் கம்ப்யூட்டர் மொழிகளில் ஒன்று. அந்த மொழியில் 'ரெட்ஸ்' பட்டியலைப் படிக்க ஒரு லைப்ரரி வந்தது. அதன் பெயர் 'பி.எச்.ரெட்ஸ்'. அதற்குக் காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம்.

நான்கே படிகள்

அது எப்படி வேலை செய்கிறது?

முதலில், பட்டியல் நடத்துபவர் கொடுத்த பெயரையும் ரகசியச் சொல்லையும் காட்டிக் கதவைத் தட்ட வேண்டும்.

கதவு திறந்ததும், "உன்னிடம் என்னென்ன விவரம் இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். விலை, அறை, பரப்பளவு, கட்டிய வருஷம் என்று பட்டியல் பதில் சொல்லும்.

மூன்றாவது, "2 லட்சம் டாலர் முதல் 3 லட்சம் டாலர் வரை, மூன்று படுக்கை அறை உள்ள வீடுகளைக் கொடு" என்று கேட்க வேண்டும். உடனே வந்துவிடும்.

நான்காவது, வீட்டின் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

அவ்வளவுதான்! மறுபடி போகும்போது எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. "நேற்றுக்குப் பிறகு மாறியது எது?" என்று மட்டும் கேட்டால் போதும்.

2018-ல் 'ரெட்ஸ்' முறைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அதன் இடத்துக்கு 'வெப் ஏ.பி.ஐ.' என்ற புதிய முறை வந்தது. அதற்குப் புதிய லைப்ரரிகள் உண்டு. ஆனால் முதல் படி மாறவில்லை. முதலில் சாவியைக் காட்டு!

லைப்ரரி இலவசம். சாவி இலவசம் அல்ல. பொதுவாகத் தரகருக்கும், தரகருக்காக வேலை செய்பவருக்குமே அது கிடைக்கும்.

பழைய காயம்

"தரகர் பட்டியலைத் தரகர் வைத்துக் கொள்ளட்டுமே, இதில் என்ன தப்பு?" என்று கேட்கலாம்.

தப்பு உண்டு. அமெரிக்காவின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

1924-ல் தரகர் சங்கம் தன் ஒழுக்க விதிகளில் ஒரு விதியைச் சேர்த்தது. ஓர் இனத்தவர் குடிபுகுவதால் அந்தப் பகுதியின் சொத்து மதிப்புக் குறையும் என்றால், தரகர் அதற்குத் துணை போகக் கூடாதாம்! கறுப்பு இனக் குடும்பங்களை வெள்ளையர் தெருவில் நுழைய விடாமல் தடுக்கவே அது பயன்பட்டது.

கறுப்பு இனத் தரகர்களையும் பல ஊர்ச் சங்கங்கள் சேர்த்துக் கொள்ளவில்லை. சங்கத்தில் இடம் இல்லை என்றால் பட்டியலும் இல்லை. பட்டியல் இல்லை என்றால் காட்ட வீடு இல்லை. அவர்கள் 1947-ல் தங்களுக்கென்று தனிச் சங்கம் கண்டார்கள்.

இன பேதம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் 1968-ல் வந்தது. அந்தச் சட்டத்தைத் தரகர் சங்கம் எதிர்த்தது. இந்தப் பழைய தவறுகளுக்காகச் சங்கத் தலைவர் 2020-ல் மன்னிப்புக் கேட்டார்.

கதவைப் பூட்டியவர் நல்லவரா, கெட்டவரா என்பது அல்ல விஷயம். பூட்டு ஒருவர் கையில் இருந்தால், யாரை வெளியே நிறுத்துவது என்பதும் அவர் கையில்தான் இருக்கும்.

கோர்ட்டுக்குப் போன வழக்கு

2005-ல் அமெரிக்க அரசாங்கமே தரகர் சங்கத்தின் மீது வழக்குப் போட்டது. இணையதளம் மூலம் தொழில் செய்யும் தரகர்களுக்குத் தங்கள் வீடுகளைக் காட்டாமல் மறைத்துக் கொள்ள மற்றத் தரகர்களுக்குச் சங்கத்தின் விதி இடம் கொடுத்தது. அது போட்டியைக் கெடுக்கிறது என்பது அரசாங்கத்தின் வாதம். 2008-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இணையத் தரகருக்கும் மற்றவரைப் போலவே பட்டியல் கிடைக்க வழி பிறந்தது.

அடுத்த அடி கமிஷனில் விழுந்தது. வாங்குபவரின் தரகருக்கு எவ்வளவு கமிஷன் என்பது பட்டியலிலேயே இருந்தது. வெகு காலம் வரை தரகர்கள் பார்த்தார்கள். வீடு வாங்குபவர் பார்க்கவில்லை!

வீடு விற்ற மக்கள் வழக்குப் போட்டார்கள். 2023 அக்டோபரில் மிசௌரி மாநிலத்தில் ஜூரிகள் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2024 மார்ச்சில் 41 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ளச் சங்கம் சம்மதித்தது. 2024 ஆகஸ்டு 17 முதல் அந்தக் கமிஷன் விவரத்தைப் பட்டியலில் போடக் கூடாது என்று விதி மாறியது.

டெக்சாசும் இங்கிலாந்தும்

டெக்சாஸ் மாநிலத்தில், ஒரு வீடு என்ன விலைக்கு விற்றது என்பதை அரசாங்கத்திடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் விற்ற விலை தரகர் பட்டியலில்தான் இருக்கும். வாங்க வரும் குடும்பம் தரகரைக் கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் வீடுகள் விற்ற விலையை அரசாங்கத்தின் நிலப் பதிவு அலுவலகம் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். சாவி வேண்டாம், சங்கம் வேண்டாம். இதனால் இங்கிலாந்தில் தரகர் தொழில் அழிந்துவிட்டதா? இல்லையே!

மறுபக்கம்

தரகர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். "தெருத் தெருவாக அலைந்து, படம் எடுத்து, அளந்து, எழுதியது நாங்கள். சும்மா எடுத்துக் கொண்டு போக இது சத்திரமா?" என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு.

இன்னொன்றும் உண்டு. சாவி இல்லாமல் சுவர் ஏறிக் குதிப்பவர்களும் இருக்கிறார்கள். இணையதளங்களிலிருந்து விவரத்தைச் சுரண்டி எடுத்துத் தங்கள் கடையில் பரப்புகிறார்கள். போன மாதம் விற்ற வீட்டை இன்னும் விற்பனைக்கு என்று காட்டுகிறார்கள். ஆசையோடு டெலிபோன் செய்யும் குடும்பத்துக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

பட்டியலில் ஊருக்குத் தெரியக் கூடாதவையும் உண்டு. வீட்டில் எப்போது ஆள் இருக்க மாட்டார்கள், வீட்டைப் பார்க்க எப்படி உள்ளே போவது என்ற குறிப்புகள் தரகர்களுக்கு மட்டும் எழுதப்படுகின்றன. இவை திருடன் கையில் கிடைத்தால் என்ன ஆகும்?

ஆகவே பூட்டே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

பூட்டு இருக்கட்டும். ஆனால் எதற்குப் பூட்டு என்பதைப் பிரிக்க வேண்டும்.

விலை, இடம், பரப்பளவு, அறை, விற்றதா இல்லையா, விற்றால் என்ன விலை? இவை சந்தைச் செய்திகள். காய்கறிச் சந்தையில் கத்தரிக்காய் விலையை மறைத்து வைப்பது உண்டா? இவற்றைப் பார்க்க எல்லோருக்கும் உரிமை வேண்டும்.

வீட்டுக்காரரின் சொந்த விஷயங்கள், உள்ளே போகும் வழி, இவை பூட்டிலேயே இருக்கட்டும். வீடு விற்ற பிறகு படுக்கை அறைப் படங்களையும் எடுத்துவிட வேண்டும். புதிதாகக் குடிவந்தவரின் வீட்டை ஊரே எட்டிப் பார்ப்பது முறையல்ல.

கம்ப்யூட்டர் மூலம் மொத்தமாக எடுப்பவருக்குச் சாவி கொடுக்கலாம். நியாயமான கட்டணம் வாங்கலாம். "பழைய விவரத்தைக் காட்டாதே, மாற்றி எழுதாதே" என்று விதி போடலாம். விதியை மீறினால் சாவியைப் பிடுங்கலாம். ஆனால் கேட்பவர் தரகரா, கல்லூரி மாணவரா, பத்திரிகைக்காரரா என்று பார்த்துக் கதவைச் சாத்தக் கூடாது. நேர் வழி திறந்திருந்தால், சுவர் ஏறிக் குதிப்பவர் குறைவார்.

சாவி கொடுக்கும் வேலையும் தரகர் சங்கத்தின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. விளையாடுபவரே நடுவராக இருந்தால் ஆட்டம் எப்படி நியாயமாக நடக்கும்?

இப்போது புதிதாக ஒரு போக்கும் தலை தூக்குகிறது. சில பெரிய தரகு நிறுவனங்கள், நல்ல வீடுகளை முதலில் தங்கள் ஆட்களுக்கு மட்டும் காட்டுகின்றன. இதைத் தடுக்க 2019-ல் சங்கமே ஒரு விதி செய்தது. ஒரு வீட்டை விளம்பரம் செய்தால், அடுத்த ஒரு வேலை நாளுக்குள் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்பது அந்த விதி. 2025-ல் அதில் சில தளர்வுகள் செய்தார்கள்.

இது பின்னோக்கிப் போகும் வழி. தெரிந்தவருக்கு ஒரு பட்டியல், தெரியாதவருக்கு ஒரு பட்டியல் என்றால், 1924-ம் வருஷத்து விதி வேறு உடுப்பில் திரும்பி வரும்.

லைப்ரரி எழுதியவர் அதை இலவசமாக உலகத்துக்குக் கொடுத்தார். பட்டியல் வைத்திருப்பவர்கள் அவ்வளவு தாராளம் காட்ட வேண்டாம். நியாயம் காட்டினால் போதும்.

வீடு என்பது சரக்கு மட்டும் அல்ல. ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு. அந்தச் சேமிப்பைக் கொட்டுகிறவருக்கு, எதை எந்த விலைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

அந்த உரிமைக்குப் பூட்டுப் போடக் கூடாது!