புரியாத மொழியில் குடும்ப நலமா?

மும்பை மருத்துவமனை ஒன்றின் குடும்ப நலப் பிரிவு. வரிசையில் தாராவியிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தாய். இந்தியும் மராத்தியும் அவளுக்குச் சரியாக வராது. துணைக்கு வந்திருப்பவன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பத்து வயது மகன். "கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது?" என்று நர்ஸ் கேட்கிறார். அந்தக் கேள்வியைப் பையன் பெற்ற தாயிடம் கேட்க வேண்டும்! தாய் தலையைக் குனிந்துகொள்கிறாள். "எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லுலே" என்கிறாள். ஊசி போடப்படுகிறது, வரிசை நகர்கிறது.

இப்படி நடந்தால் என்ன ஆகும்? மூன்று மாத ஊசியான 'அந்தரா' போட்டவர்களுக்கு மாதவிலக்கு முன்பின்னாக வரும். சிலருக்கு நின்றே போகும். அதனால் கெடுதல் இல்லை. ஊசியை நிறுத்திய சில மாதங்களில் பழையபடி திரும்பிவிடும். இந்த இரண்டு வாக்கியத்தைத் தமிழில் யாரும் சொல்லாததால் அவள் பயந்துபோய் அடுத்த ஊசிக்கு வருவதில்லை. வேண்டாத கர்ப்பத்தோடுதான் மறுபடி வருகிறாள். பழி மட்டும் அவள் தலையில்!

கருத்தடை என்பது ரேஷன் அரிசி அல்ல, எல்லோருக்கும் ஒரே அளவில் போட. காப்பர்-டியில் 10 ஆண்டு வரை காக்கும் வகை உண்டு; அதை வைத்துக்கொண்ட 100 பேரில் ஓராண்டில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. ஆனால் முதல் சில மாதம் உதிரப்போக்கு கூடலாம். தினசரி மாத்திரையில் மறதியால் 100-க்கு ஏழு பேர் வரை கருத்தரிக்கிறார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும் வழக்கமான கலப்பு மாத்திரை ஏற்றதல்ல. லக்னோ விஞ்ஞானிகள் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிட்டால் போதும். எது யாருக்குப் பொருந்தும் என்பது கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு மொழி வேண்டாமா?

"மாதவிலக்கு வந்ததும் வா" என்று திருப்பி அனுப்பும் வழக்கமும் ஒழிய வேண்டும். சில கேள்விகள் கேட்டு, கர்ப்பம் இல்லை என்று ஓரளவு உறுதியானால் அன்றைக்கே தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு இன்னொரு நாள் வருவதென்றால் இன்னொரு நாள் கூலி போயிற்று.

2014-ல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே நடந்த கருத்தடை முகாமுக்குப் போன 13 பெண்கள் மாண்டார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. அறுவைக்கு முன், அதன் விளைவுகளை அவரவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அறுவைக்கு உள்ள இந்த நியாயம் ஊசிக்கும் காப்பர்-டிக்கும் இல்லையா? தமிழர் நெருக்கமாக வாழும் வட்டாரங்களில் தமிழ் தெரிந்த ஒரு பெண் ஊழியரை அமர்த்துவது மாநகராட்சிக்குப் பெரிய செலவல்ல.

தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் கடமை உண்டு. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆள் திரட்டுகிறவர்கள், வாரம் ஒரு நாள் மருத்துவமனையில் உட்கார்ந்து பேச்சுத் துணை செய்ய நான்கு படித்த பெண்களைத் திரட்ட முடியாதா?

கணவன்மார்களோ இது பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம்தான்! நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயம் விதைத்த அச்சம் ஆண்களை இன்னும் விட்டபாடில்லை. உண்மையில் ஆண்களுக்கான அறுவை எளியது. உழைக்கும் வலுவும் குறையாது. மூன்று மாதம் மட்டும் வேறு பாதுகாப்பு வேண்டும்.

ரேஷன் கார்டுக்காக அரை நாள் லீவு போடுகிறவர் மனைவியின் உடம்புக்காகவும் ஒரு அரை நாள் போடட்டும். பையன் பள்ளிக்கூடம் போகட்டும்.