குஞ்சுக்குப் பேர் கேட்கும் முன்னாடி

நகரத்து நண்பர்களே, உங்களோட ஒரு சண்டை பாக்கி இருக்கு.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி எனக்குப் பறவைக் குஞ்சு படம் வருது. மரம், வரப்பு, பக்கத்தில் நின்ற பறவை எல்லாத்தையும் வெட்டிவிட்டு, குஞ்சை மட்டும் பெரிசாக்கி அனுப்புறீங்க. கீழே ஒரே கேள்வி: "இது என்ன பறவைங்க?" நான் பதில் சொல்றதுக்குள்ள, செயலி சொன்ன பேரை நம்பி "எங்க ஏரியாவில் அபூர்வப் பறவை"ன்னு ஃபேஸ்புக்கில் போட்டும் விடுறீங்க.

நிறத்தை மட்டும் பார்த்துக் குஞ்சுக்குப் பேர் சொல்லவே கூடாது. கருடனையே எடுத்துக்குங்க. வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்பும் இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். அதே கருடன் இளசாக இருக்கும்போது முழுக்கப் பழுப்பு; ஒருத்தரும் கும்பிடுவதில்லை, கரும்பருந்து என்று போய்விடுகிறோம். வாலைப் பாருங்க. கருடனுக்கு நுனி வட்டம், கரும்பருந்துக்கு நடுவில் லேசாகப் பிளந்திருக்கும்.

வாய்க்கால் ஓரத்தில் நிற்கும் இளம் வக்காவும் இப்படித்தான். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். சாம்பலும் கறுப்புமான பெரிய வக்காவின் நிறம் வர இரண்டு மூன்று வருசம் ஆகும். அதுவரை அதை மடையான் என்றே சொல்றீங்க. பறக்கும் வரை கொஞ்சம் பொறுங்க. மடையான் இறக்கையை விரித்தால் வெள்ளை வெளேர். இளம் வக்கா பறந்தாலும் பழுப்புதான்.

இதைவிட வேடிக்கை அக்காக்குயில். தவிட்டுக்குருவி கூட்டில் முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். நெஞ்சில் புள்ளியும் கோடுமாக இருக்கும் அதன் குஞ்சை வெட்டி எடுத்த படத்தில் பார்த்தால் வல்லூறு மாதிரியே தெரியும். ஆனால் பக்கத்தில் ஒரு தவிட்டுக்குருவி, தன்னைவிடப் பெரிய அந்தக் குஞ்சுக்குப் புழு ஊட்டிக்கொண்டு நிற்கும். நீங்க வெட்டி எறிந்தது அந்தத் தவிட்டுக்குருவியைத்தான். பதிலே அதுதானே!

பேர் தப்பானால் பரவாயில்லை, குஞ்சு சாகாது. படம் எடுத்த கையோடு "அநாதைக் குஞ்சு"ன்னு அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோறீங்க பாருங்க, அதில்தான் என் கோபம். ஆள்காட்டிக் குஞ்சு பொரித்த அன்றே நடக்கும். தாய் கத்தினதும் தரையோடு தரையாக அசையாமல் படுத்துக்கொள்ளும். அடிபட்டு அல்ல, உங்களுக்குப் பயந்து. தலைக்கு மேலே தாய் கத்திக்கொண்டு சுற்றுவதைக் கேட்டும் தூக்கிப் போனால், அது காப்பாற்றுவது இல்லை, பிள்ளைபிடிக்கிற வேலை. அப்புறம் வாயில் பாலை ஊற்றுவது வேறு. பறவைக்குப் பால் செரிக்காது. மூச்சுக்குழாயில் போனால் அதோடு முடிந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடித்து வளர்ப்பதும் குற்றம்.

இறகு முளைத்த குஞ்சு தரையில் இருந்தால், பெரும்பாலும் அது பறக்கப் பழகுது. தள்ளிப் போங்க. நாய், பூனை வந்தால் பக்கத்துப் புதரில் ஏற்றி விடுங்க, போதும். இறகே முளைக்காதது விழுந்து கிடந்தால், கூடு எட்டினால் திருப்பி வைங்க. மனுசக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது கட்டுக்கதை. ரத்தம் வந்தால், இறக்கை ஒடிந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்க.

படம் அனுப்புறதானால் முழுசா அனுப்புங்க. எந்த இடம், யார் ஊட்டினாங்க, எப்படிக் கத்துச்சு, அதையும் எழுதுங்க. குஞ்சு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.