ஒத்திகைக்கு ஓர் அறை

பாட்டு எங்கே பிறக்கிறது? மேடையில் என்பார் சிலர். ஒலிப்பதிவுக் கூடத்தில் என்பார் வேறு சிலர். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேடைக்கு வருவது வளர்ந்து ஆளான பாட்டு. அது பிறப்பதும் தவழ்வதும் விழுந்து எழுவதும், கேட்பார் எவருமில்லாத ஒத்திகை அறையிலேதான். அப்படிப்பட்ட அறை ஒன்று நம் சங்கத்தில் வேண்டும் என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒத்திகை நம்மவருக்குப் புதிதன்று. நாடகக் கம்பெனிகள் நாள்தோறும் ஒத்திகை நடத்திய நாடு நம் நாடு. சங்கீதம் பயில்வோர் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்வதையும் அறிவோம். ஆயினும் அங்கெல்லாம் வசனமும் கீர்த்தனமும் முன்பே இருக்கின்றன. இருப்பதைப் பழகிப் பண்படுத்துவதே வேலை. சொந்தப் பாட்டு ஆக்கும் இசைக்குழுவின் ஒத்திகையோ வேறு வகை. அங்கே பாட்டு இன்னும் இல்லை! ஒருவர் கித்தாரில் நான்கு ஸ்வரங்களை மீட்டுவார். தபலாக்காரர் அதற்கொரு நடை கொடுப்பார். மற்றொருவர், "கொஞ்சம் மெதுவாக வாசித்துப் பாருங்கள்" என்பார். வேகம் குறைந்ததும் பாட்டின் முகமே மாறிவிடும். இல்லாத பாட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அந்த ஒத்திகை.

நாம் படிக்கும் இந்த டில்லி மாநகரிலேயே இதற்குச் சான்று உண்டு. 1990-இல் சுஸ்மித் சென் என்ற கித்தார்க் கலைஞரும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அஷீம் சக்கரவர்த்தியும் சேர்ந்து "இந்தியன் ஓஷன்" என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1991-இல் ராகுல் ராமும், 1994-இல் அமித் கிலமும் வந்து சேர்ந்தனர். முதல் இசைத்தொகுப்பு 1993-இல் வந்தது, அடுத்தது 1997-இல், பெரும் புகழ் தந்த "கந்தீசா" 2000-இல். பத்தாண்டில் மூன்றே தொகுப்புகள்! இடைப்பட்ட காலத்தில் அவர்கள் சும்மாவா இருந்தார்கள்? வாசித்தார்கள், கலைத்தார்கள், மீண்டும் வாசித்தார்கள். கேரளத்துச் சிரியன் தேவாலயங்களில் வழங்கும் பழைய அரமேயத் துதிப்பாட்டும், நருமதைக் கரை மக்களின் நாட்டுப்பாட்டும் அவர்கள் கையில் புத்துருவம் பெற்றன. கரோல் பாக் பகுதியில் ஒரு பழைய வீடு பல ஆண்டுகள் அவர்களுடைய ஒத்திகைக் கூடமாக இருந்தது. 2009 டிசம்பரில் அஷீம் மறைந்தார். அவர் குரல் அடங்கிய கடைசித் தொகுப்பை 2010-இல் மாதம் ஒரு பாட்டாக இலவசமாகவே வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? "16/330 கஜூர் ரோடு". அந்த ஒத்திகை வீட்டின் விலாசம்! ஓர் அறைக்குக் கலைஞர்கள் செலுத்தக்கூடிய நன்றிக் கடன் இதைவிட வேறென்ன?

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இதே கதைதான். "பீட்டில்ஸ்" குழுவினர் 1969 ஜனவரியில் புதுப் பாட்டுகளை ஆக்கியபோது எடுத்த படச்சுருள் ஏறத்தாழ 60 மணி நேரம். அதிலிருந்து பீட்டர் ஜாக்சன் உருவாக்கிய "கெட் பேக்" என்ற படம் 2021-இல் வெளிவந்தது. ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஒரு பாட்டில் மெட்டு இருக்கிறது. ஓரிடத்தில் சொல் அகப்படவில்லை. சரியான சொல் கிடைக்கும் வரை வாயில் வந்ததைப் பாடு, காலிபிளவர் என்றாவது போட்டுக்கொள் என்று யோசனை சொல்கிறார் ஜான் லெனன். நம் பாட்டாசிரியர்கள் மெட்டுக்குத் தத்தகாரம் போடுவதும் இதுவே அல்லவா? "சம்திங்" என்ற அந்தப் பாட்டு அவ்வாண்டு செப்டம்பரில் முழு உருவத்தோடு வெளிவந்து உலகையே மயக்கியது. அன்று காலிபிளவரைக் கேட்டுச் சிரிக்க அந்நியர் ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால், பாட்டு அங்கேயே வாயை மூடிக்கொண்டிருக்கும்.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் ஆண்டு விழாவில் என்ன நடக்கிறது? கூலிக்கு ஒரு மெல்லிசைக் குழு வருகிறது, எல்லோரும் அறிந்த சினிமாப் பாட்டுகளைப் பாடுகிறது, கைதட்டிவிட்டுக் கலைகிறோம். சினிமாப் பாட்டை நான் பழிக்கவில்லை. ஆனால் டில்லிக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்து ஊரை நினைக்கும் தமிழ் மாணவனுக்கு எந்தப் படக் கவிஞர் பாட்டெழுதப் போகிறார்? நாம்தாம் எழுத வேண்டும்.

எழுதுவோரும் இல்லாமல் போகவில்லை. நம் உறுப்பினர் நால்வர், ஊருக்குப் போகும் இரயிலைப் பற்றி ஒரு பாட்டை ஆக்கி வருகிறார்கள். பல்லவி கேட்டேன், நெஞ்சைத் தொட்டது. சரணம் இன்னும் கூடவில்லை. விடுதி மாடியில் பாடினார்கள். படிப்புக்கு இடைஞ்சல் என்று தடுத்தார்கள். பூங்காவுக்குப் போனார்கள், காவலர் எழுப்பிவிட்டார். நால்வரில் இருவர் வரும் மே மாதத்தோடு படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறார்கள். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் அந்த இரயில் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

நம் சங்க அறையோ பெரும்பாலான மாலைகளில் பூட்டிக் கிடக்கிறது. புதன், சனி ஆகிய இரு நாட்களில் மாலை 6 மணி முதல் 8 மணி வரை அதைத் திறந்துவிடலாமே! வருவோர் சொந்தப் பாட்டை மட்டுமே பழக வேண்டும். வேடிக்கை பார்க்க எவரும் வரக்கூடாது. பரிசும் போட்டியும் வேண்டாம். ஆண்டு விழாவில் அரை மணி நேரம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவே.

"மாணவர் பாட்டு சினிமாப் பாட்டுக்கு ஈடாகுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். முதல் நாளில் ஆகாதுதான். பாடப் பாட ராகம் என்பது பெரியோர் வாக்கு. சென்னையில் 2018 ஜனவரியில் முதன்முதலாக மேடையேறிய "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு, கானாவையும் ராப் இசையையும் கலந்து, சாதிக் கொடுமையைப் பாட்டாக்கிக் காட்டியது. படத்துக்கு வெளியேயும் தமிழில் புதுப் பாட்டு எழும், அதைக் கேட்க மக்களும் திரளுவர் என்பதற்கு இது போதாதா? "தேர்வு கெடுமே?" என்பாரும் உண்டு. வாரத்தில் நான்கு மணி நேரத்தால் கெடும் தேர்வு, நான்கு மணி நேரம் கூடப் படித்தாலும் தேறாது!

தோழர்களே, அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வந்து கை தூக்குங்கள். ஒரு சாவியைக் கொடுப்பதற்குச் சங்கத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. கொடாமலிருந்தால் இழப்பது ஒரு பாட்டை.