பரண்மேல் கிடக்கும் வரலாறு

ஜவ்வாது மலையில் உள்ள காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம், கொடைக்கானலில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களையும் பத்திரமாகக் காத்து, கணினியில் ஏற்றியிருக்கிறது. நூறாண்டுக்கு முந்தைய சூரியனின் முகம் நம்மிடம் இருக்கிறது. 1975 ஆகஸ்ட் 15இல் பிறந்த சென்னைத் தொலைக்காட்சியின் தொடக்க கால நாடகங்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அன்று வீடியோ நாடா விலை அதிகம். ஒளிபரப்பானதை அழித்து, அதிலேயே அடுத்ததைப் பதிந்தார்கள். லண்டன் பி.பி.சி.யும் அப்படித்தான் செய்தது. ஆனால் ‘டாக்டர் ஹூ’ தொடரின் தொலைந்த பகுதிகளுக்கு ரசிகர்கள் வீட்டில் பதிந்த ஒலியாவது மிஞ்சியது. இங்கேயோ, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’, வேலூர்க்காரர் நடராஜ முதலியார் எடுத்தது. அதில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை.

ஆகவே வீடுகளில் தேடுவோம். ஜமுனாமரத்தூரிலோ திருப்பத்தூரிலோ ஒரு பரணில், ‘அக்கா கல்யாணம்’ என்று பேனாவால் எழுதிய வீடியோ கேசட்டின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பாட்டு நிகழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடலாம். தூக்கியும் எறியாதீர்கள். மாவட்ட நூலகங்கள் இவற்றை வாங்கிக் காக்க அரசு கருவியும் ஆளும் தர வேண்டும். மலைக்கு முதல் தொலைக்காட்சிப் பெட்டி வந்த நாளை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் பேசிப் பதிய ஒரு கைப்பேசி போதும். இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.