ரீல்ஸ் போட்டாச்சு... மறுபடி போனீங்களா?

அண்ணாநகரில் வீடு என்று சொன்னாலே ஆபீஸில் அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும். "இந்த வாரம் உங்க ஏரியால எந்த கஃபே திறந்திருக்காங்க?" கேலிதான், ஆனால் பொய் இல்லை. போன மாதம் வரை ஜெராக்ஸ் கடையாக இருந்த இடத்தில் திடீரென்று கண்ணாடி முழுக்க பிரவுன் பேப்பர் ஒட்டியிருப்பார்கள். பத்து நாளில் 'விரைவில்' என்று ஒரு போர்டு. அதற்கடுத்த வாரம் சீரியல் லைட், வாசலில் வாழைமரம், உள்ளே காபி மெஷின் உறுமும் சத்தம்.

இந்த ஏரியாவின் அமைப்பும் ஒரு காரணம். டவர் பார்க்கில் நிற்கிற டவரே 1968-ல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியதுதான். அகலமான அவென்யூ, நிழல் தரும் மரங்கள், போர்ட்டிகோ வைத்த தனி வீடுகள். பிள்ளைகள் வெளிநாட்டில் செட்டில் ஆன பிறகு கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிறார்கள். அந்தப் போர்ட்டிகோவில்தான் இப்போது மேஜை போட்டு கிராசான் சாப்பிடுகிறோம். 2017-ல் மெட்ரோவும் வந்துவிட்டதால், எக்மோரிலிருந்துகூட ஒரு காபிக்காக இங்கே வருகிறார்கள்.

பெங்களூரு தோழி ஒருத்தி, "புது பார், பப் எதுவும் இல்லையாடி?" என்று கேட்பாள். நம்ம ஊரில் பார் என்றால் ஒன்று டாஸ்மாக்கை ஒட்டி இருக்கும், இல்லையென்றால் ஹோட்டலுக்கோ கிளப்புக்கோ உள்ளே இருக்கும். தெருமுனையில் புதுசாக முளைப்பதெல்லாம் காபியும் பன்னும்தான். எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை.

ஏன் இவ்வளவு ஆர்வம் என்று அம்மா அடிக்கடி கேட்பார். "180 ரூபாய்க்கு ஒரு காபியா? வீட்ல டிகாஷன் இறக்கிக் குடுத்தா ஆகாதா?" நியாயமான கேள்விதான். பிளஸ் டூ படிக்கும்போது டியூஷன் முடிந்ததும் பசங்க எல்லாம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். நாங்கள் நாலு பெண்களும் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்கு வெளியே நின்றே பேசி முடிப்போம். டீ 15 ரூபாயோ, இலவசமோ, அந்த பெஞ்ச் எங்களுக்கு இல்லை. இப்போது லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கேப்பச்சினோவோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த 180 ரூபாயில் காபிக்கு எவ்வளவு, நாற்காலிக்கு எவ்வளவு என்று பில்லில் பிரித்துப் போடுவதில்லை, அவ்வளவுதான்.

பில் என்றதும் ஒன்று. சாதாரண கஃபே பில்லில் 5 சதவிகித ஜி.எஸ்.டி வரும், அது வரி. 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு வரி இருந்தால், அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025-ல் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது எங்கள் தெருமுனை பேக்கரி பற்றி.

தையல் கடை இருந்த சின்ன இடம். நாலே மேஜை. கணவன், மனைவி இரண்டு பேர், உதவிக்கு ஒரு பையன். திறந்த மூன்றாம் நாள் நான் போனேன். சோர்டோ பிரெட்டை அறுக்கும்போது வந்த 'கரகர' சத்தத்தை அப்படியே ரெக்கார்டு செய்து, 30 செகண்ட் ரீல்ஸ் போட்டேன். நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். சனிக்கிழமை மாலை தெருவில் பைக் நிறுத்த இடமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் கூட்டத்தைக் காட்டினேன்.

ஐந்து மணிக்கெல்லாம் பிரெட் காலி. அதற்குப் பிறகு வந்தவர்கள், வந்த தூரத்துக்கெல்லாம் சேர்த்து ரேட்டிங்கில் ஒரே ஒரு ஸ்டார் வைத்துவிட்டுப் போனார்கள். பாவம், அடுத்த சனிக்கிழமைக்கு இரண்டு மடங்காகப் போட்டார்கள். அந்த வாரம் பக்கத்து அவென்யூவில் இன்னொரு கடை திறந்திருந்தது. கூட்டம் அங்கே போய்விட்டது. சொல்லப்போனால் நானும் அங்கேதான் இருந்தேன், கேமராவோடு.

இரண்டு மாதம் கழித்து, மழைக்கு ஒதுங்கத்தான் மறுபடி அந்த பேக்கரிக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணி. ஒரு மேஜையிலும் ஆள் இல்லை. கல்லாவில் இருந்த அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாம்மா, வீடியோ போட்ட பொண்ணுதானே?" என்றார். அந்தக் குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எனக்குத் தெரியாம கேக்கறேன்க்கா, கூட்டம் வந்தா அன்னிக்கே கொஞ்சம் கூட போட முடியாதா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார்.

ஒரு கண்ணாடி ஜாடியில் மாவும் தண்ணீரும் கலந்து நுரைத்துக்கொண்டு இருந்தது. சோர்டோவுக்கு பாக்கெட் ஈஸ்ட் கிடையாது. நம்ம இட்லி மாவு மாதிரி தானே புளிக்கிற மாவுதான் அதற்கு உயிர். தினமும் புது மாவு போட்டு வளர்க்க வேண்டும், மறந்தால் போச்சு. பிசைந்ததை உருட்டி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து, காலையில்தான் அவனில் ஏற்றுகிறார்கள். அப்படியென்றால் நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்பதை இன்றைக்கே முடிவு செய்தாக வேண்டும். கிராசான் இன்னும் மோசம். மாவுக்கு நடுவே வெண்ணெயை வைத்து மடித்து, தேய்த்து, மறுபடி மடித்து... மடிக்கும்போதே வெண்ணெய் உருகிவிட்டால் அந்த மெல்லிய அடுக்குகள் வரவே வராது. சென்னை வெயிலில் வெண்ணெய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் மூன்று மணிக்கே எழுந்து, ஏ.சி-யைக் குறைத்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். மதியம் மூன்று இல்லை, விடியற்காலை மூன்று.

"சனிக்கிழமை நூறு பேர் வர்றதைவிட, தினம் இருபது பேர் வந்தா எனக்கு நிம்மதிம்மா. எவ்வளவு மாவு பிசையணும்னாவது தெரியும்" என்றார் அக்கா.

இதைக் கேட்டுவிட்டு நான் ஒன்றும் தியாகி ஆகிவிடவில்லை. புதுக் கடை திறந்தால் இப்போதும் முதல் ஆளாகப் போகத்தான் செய்கிறேன், எடிட்டரும் விடமாட்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாள் என்பதால், அன்றைக்கு மட்டும் என் ஆபீஸ் அந்த ஜன்னலோர மேஜைதான். ஒரு காபி, வீட்டுக்கு ஒரு பிரெட். ரீல்ஸ் கிடையாது. சில பிரெட் சுமாராகவும் வரும், நடுவில் கொஞ்சம் ஈரமாக. மூன்றாவது முறை வருகிற ஆள் என்பதால் அதை அக்காவிடம் நேராகவே சொல்ல முடிந்தது. ஸ்டாரைக் குறைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

அம்மா வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் பேங்குக்குப் போய்விட்டு, என்னைத் தேடிக்கொண்டு வந்தார். மெனு கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஏன்டி, இதுல எதையாவது தமிழ்ல சொல்லு" என்றார். கடைசியில் கல்லாவைப் பார்த்து, "ஏம்மா, தேங்காய் பன் போட மாட்டியா?" என்று கேட்டே விட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஃபிரெஞ்ச் ஐட்டம் செய்கிற இடத்தில் தேங்காய் பன்னா!

அக்கா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "போட்டுப் பாக்கறேன் ஆன்ட்டி" என்றார். அடுத்த வாரம் போட்டார். முதல் தடவை இனிப்பு பத்தவில்லை என்று அம்மா சொன்னார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. இப்போது வியாழக்கிழமை மாலையானால் அம்மாவும், கோயிலுக்கு வருகிற இன்னும் மூன்று பேரும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாணமாகி 28 வருஷத்தில், வேறு வேலையே இல்லாமல் ஒரு கடையில் போய் அம்மா உட்கார்வது இதுதான் முதல் தடவை. என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் சொல்வதில்லை.

கடைக்கு 11 மாத அக்ரிமென்ட், அடுத்த மாதம் முடிகிறது. ஹவுஸ் ஓனர் வாடகையை ஏற்றிக் கேட்கிறாராம். புதுப்பிப்பீர்களா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றார் அக்கா. அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

இன்று வியாழக்கிழமை. தேங்காய் பன் இருபதுதான் போட்டிருக்கிறாராம். அம்மா காலையிலேயே போன் செய்து ஆறு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.