எத்தனை டிகிரி என்பது கேள்வியே அல்ல

பொறியியல் கல்லூரிகளின் பந்தயக் கார் குழுக்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் வாதம் ஒன்று உண்டு: எஞ்சினுக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்? தொடங்கிய பத்து நிமிடத்தில் அது ஓர் எண்ணாகச் சுருங்கிவிடும். "எத்தனை டிகிரி?" 260 என்பவர் கோழை, 280 என்பவர் துணிந்தவர், 300 என்பவர் மேதை. வாரநாளில் அலுவலகத்துக்கும் வார இறுதியில் பந்தயத் தடத்துக்குமாகப் பழைய எஸ்டீம் ஒன்றை ஓட்டுபவர் கேட்பதும் இதே கேள்விதான். கடைக்காரர் சொல்வதும் இதே எண்தான். அந்த எண்ணுக்குப் பொருள் என்ன என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. கேட்கப் பயிற்றுவிக்க வேண்டிய அறிவுப்புலமே கேட்பதில்லை என்பதுதான் இங்கே வழக்கு.

வால்வு எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு உயரவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதைத் தன் முகடுகளின் வடிவிலேயே எழுதிவைத்திருக்கும் தண்டு கேம்ஷாஃப்ட். கிராங்க்ஷாஃப்ட் இருமுறை சுழன்றால் அது ஒருமுறை சுழலும். வால்வு திறந்திருக்கும் காலத்தைக் கிராங்க் டிகிரியில் அளந்து டியூரேஷன் என்கிறார்கள். ஆனால் எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது? ஒரு தயாரிப்பாளர் வால்வு 0.15 மி.மீ. உயர்ந்ததுமே எண்ணத் தொடங்குகிறார். இன்னொருவர் டாப்பெட் 1.27 மி.மீ., அதாவது அங்குலக் கணக்கில் 0.050, உயரும்வரை காத்திருக்கிறார். வேறொருவருக்கு 1 மி.மீ. ஒருவரின் பட்டியலில் 280 என்றிருக்கும் அதே தண்டு மற்றவரின் கணக்கில் 230 ஆகலாம். குறிக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு வழக்கால் அமைவது என்பது மொழியியல் முதலாண்டுப் பாடம். வழக்கைச் சொல்லாமல் குறியை மட்டும் நீட்டினால் அது அளவு அல்ல, அலங்காரம். 'ஸ்டேஜ் 2' என்ற சொல்லோ இதனினும் இழிந்தது. அதற்கு அலகுகூடக் கிடையாது.

அளக்கும் புள்ளியை ஒப்புக்கொண்டாலும் டியூரேஷன் பாதிச் செய்தியைத்தான் தருகிறது. எஞ்சினின் குணத்தை வேறெதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது உள்வால்வு மூடும் தருணம். பிஸ்டன் கீழ் எல்லையைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பின்னும் உள்வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். வேகமாகச் சுழலும் எஞ்சினில் உள்ளே பாயும் காற்றுக்கு உந்தம் இருப்பதால், பிஸ்டன் எதிர்த்து வந்தாலும் அது தொடர்ந்து நுழையும். மெதுவாகச் சுழலும் எஞ்சினில் அந்த உந்தம் இல்லை; வந்த காற்றையே பிஸ்டன் திரும்ப வெளியே தள்ளுகிறது.

எண்களாகவே பார்க்கலாம். உள்முகட்டின் நடுப்புள்ளி மேல் எல்லைக்குப் பின் 108 டிகிரியில் அமைந்திருப்பதாகக் கொண்டால், 252 டிகிரித் தண்டில் உள்வால்வு கீழ் எல்லைக்குப் பின் 54 டிகிரியில் மூடும். 280 டிகிரித் தண்டில் 68. பதினான்கு டிகிரி அற்பமாகத் தோன்றும். ஆனால் கனெக்டிங் ராடு ஸ்ட்ரோக்கைப் போல 1.6 மடங்கு நீளமுள்ள எஞ்சினில், முதல் தண்டில் வால்வு மூடும்போது பிஸ்டன் தன் பயணத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு மேலேறியிருக்கும், இரண்டாவதில் கால்பங்கு. கம்ப்ரஷன் 9.5 என்று கையேட்டில் அச்சிட்டிருந்தாலும், மெதுவான ஓட்டத்தில் எஞ்சின் உணர்வது முதல் தண்டில் எட்டுக்குச் சற்று மேல், இரண்டாவதில் ஏழரைக்கும் கீழ். கம்ப்ரஷனை உயர்த்தாமல் 'பெரிய' தண்டை மாட்டியவர் எஞ்சினைப் பலப்படுத்தவில்லை. சிக்னலில் கிளட்சை விடும்போது இதைக் கார் அவருக்குச் சொல்லும்.

அடுத்தது ஓவர்லாப்: வெளிவால்வு மூடி முடியுமுன் உள்வால்வு திறந்துவிடும் இடைவெளி. முகடுகளுக்கிடையே 110 டிகிரி பிரிவும் இரு வால்வுக்கும் 280 டிகிரியும் உள்ள தண்டில் இது 60 டிகிரி. நீளம் பொருந்திய எக்ஸாஸ்ட் குழாய் இருந்தால், உயர்வேகத்தில் வெளியேறும் புகையே புதுக் காற்றை இழுத்துக்கொடுக்கும். ஐட்லிங்கில் நடப்பது நேர்மாறு. எரிந்த புகை உள்குழாய்க்குள் திரும்புகிறது, எஞ்சின் தடதடக்கிறது, எரியாத பெட்ரோல் வெளியேறுகிறது. அந்தத் தடதடப்பைக் காதுக்கினிய இசையாகக் கொண்டாடுவோர் இருக்கிறார்கள். இரசனை அவரவர் உரிமை. ஆனால் பெட்ரோல் காரின் பிரேக் பூஸ்டர் உள்குழாயின் வெற்றிடத்தை நம்பித்தான் இயங்குகிறது. அந்த வெற்றிடம் குறைந்தால் நெரிசலில் அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் கல்லாக இறுகும். அங்கே இசைக்கு விலை கொடுப்பவர் முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருப்பவர்.

"பந்தய வீரர்கள் பெரிய தண்டுதானே போடுகிறார்கள்" என்பது வழக்கமான மறுப்பு. போடுகிறார்கள்தான். அதனுடன் கம்ப்ரஷனை உயர்த்துகிறார்கள், வால்வு ஸ்பிரிங்குகளை மாற்றுகிறார்கள், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையிலான இடைவெளியைக் களிமண் வைத்து அளக்கிறார்கள், கியர் விகிதங்களை நெருக்கி எஞ்சின் 6,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து தண்டை மட்டும் கடன்வாங்குவது, வேற்றுமொழியிலிருந்து வேற்றுமை உருபை மட்டும் பிடுங்கி நம் சொல்லில் ஒட்டுவது போன்றது.

தெருவுக்கும் தடத்துக்கும் ஒரே தண்டு போதும் என்பவர்கள் 1989-ஐ நினைவுகொள்ள வேண்டும். அந்த ஆண்டு இன்டெக்ரா காரில் ஹோண்டா விடெக் அமைப்பை அறிமுகப்படுத்தியது. 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன். அதன் பொறியாளர்கள் இரு உலகுக்கும் பொருந்தும் மாய முகட்டைக் கண்டுபிடிக்கவில்லை. அப்படி ஒன்று இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரே தண்டில் இருவகை முகடுகளை வைத்து, உயர்வேகத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறச் செய்தார்கள். அத்தகைய அமைப்பு இல்லாத எஞ்சின் வைத்திருப்பவர் தேர்ந்தாகவேண்டும். தேர்ந்ததற்கான இழப்பை ஏற்றாகவேண்டும். நகரச் சாலையில் பெரும்பொழுது 1,500-க்கும் 3,500-க்கும் இடையே சுழலும் எஞ்சினுக்கு 7,000-இல் கிடைக்கும் பத்துக் குதிரைத்திறன் யாருக்குப் பயன்?

இப்போது கல்விக்கூடத்துக்கு வருவோம், ஏனெனில் மன்னிக்க இயலாத தவறு அங்கேதான் நடக்கிறது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளில், பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் காற்று முழுவதும் 20 மி.மீ. துளை ஒன்றின் வழியாகவே செல்லவேண்டும். அத்துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்குமேல் ஒரு கிராம்கூடக் கூடுதலாகப் போகாது. கடல்மட்ட அழுத்தத்தில் அந்த எல்லை நொடிக்கு ஏறத்தாழ 74 கிராம். முழுதாக நிரம்பும் 600 சி.சி. எஞ்சின் 12,500 ஆர்.பி.எம்.மை நெருங்கும்போது அந்தச் சுவரில் மோதும். உண்மைத் துளையில் அதற்கும் முன்பே. சுவருக்கு அப்பால் காற்றை நிரப்பவென்றே வடிவமைத்த முகட்டை அந்த எஞ்சினில் மாட்டி, கீழ்வேகத்தில் இருந்த முறுக்குவிசையையும் இழப்பதற்குப் பொறியியல் என்று பெயரிட முடியாது. போட்டியின் கனமான பகுதி ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நெடுஓட்டம். குறுகிய வளைவுகள் நிறைந்த அத்தடத்தில் சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும். வளைவிலிருந்து வெளியேறும்போது எஞ்சின் என்ன தருகிறது என்பதே அங்கே கணக்கு.

இருந்தும் திட்ட அறிக்கைகள் டைனோ வரைபடத்தின் உச்சப் புள்ளியைத் தடித்த எழுத்தில் அச்சிடுகின்றன. வரைகோட்டின் மற்ற பகுதியைப் பற்றி ஒரு வாக்கியமும் இராது. வழிகாட்டி கையொப்பமிடுகிறார், புறத்தேர்வாளர் பாராட்டுகிறார். இறக்குமதித் தண்டுக்குப் பணமில்லாத குழு பழைய தண்டையே அரைத்துக்கொண்டு வருகிறது. அதில் இழிவொன்றும் இல்லை. நல்ல அரைப்பு நல்ல தண்டைத் தரும். ஆனால் அரைக்கும்போது அடிவட்டம் சிறுக்கிறது, வால்வு இடைவெளி மாறுகிறது, மேற்பரப்பின் கடினப்பட்ட அடுக்கு தேய்ந்துபோகவும் கூடும். பிறகு எவரும் முகட்டை அளப்பதில்லை. அரைத்தவர் வாய்மொழியாகச் சொன்ன எண் அறிக்கையில் 'முடிவுகள்' என்ற தலைப்பின்கீழ் ஏறிவிடுகிறது. சான்றை விசாரிக்காமல் ஏற்பதை வேறெந்தத் துறையின் ஆய்வேட்டிலும் இதே ஆசிரியர்கள் அனுமதிப்பார்களா?

வாய்மொழித் தேர்வில் மூன்று கேள்விகள் போதும். உள்வால்வு எந்த டிகிரியில் மூடுகிறது? அதை எந்த உயர்வில் அளந்தீர்கள்? தடத்தில் எஞ்சின் பெரும்பொழுது எந்த ஆர்.பி.எம்.மில் இருந்தது? மூன்றாவதற்கு விடை, குழு காரில் மாட்டியிருந்தும் திறந்து பார்க்காத டேட்டா லாகரில் இருக்கிறது. முதலிரண்டுக்கு ஒரு டிகிரி வீலும் டயல் கேஜும் ஒரு பிற்பகலும் வேண்டும். டிகிரி வீலைக் காகிதத்தில் அச்சிட்டு அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். டயல் கேஜ் கல்லூரியின் அளவியல் ஆய்வகத்தில், பூட்டிய அலமாரிக்குள், ஏற்கெனவே இருக்கிறது.